‘வேண்டாம்’ என்று சொல்லவும் ஒரு வழி

மூன்றரை வயதுப் பையன் அடுக்களைக்கு வந்து, “தண்ணி வேணுமா?” என்கிறான். அம்மாவை உபசரிக்க வரவில்லை. தாகம் அவனுக்குத்தான். டம்ளர் கைக்கு வரும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அது. தண்ணீர் கேட்க அவனிடம் இருப்பதும் அதுதான்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் இப்படித்தான் பேச்சுக்குள் நுழைகிறார்கள். 1943-ல் பால்டிமோர் மருத்துவர் லியோ கானர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இது பதிவாகியிருக்கிறது: பால் கொடுக்கும்போது அம்மா சொன்னதை, பால் வேண்டும் என்பதற்கு அப்படியே திருப்பிச் சொல்லும் குழந்தை. ஆனாலும் நெடுங்காலம் இதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று அடக்கத்தான் பார்த்தார்கள். 1981-ல் பேரி பிரிசன்ட்டும் ஜூடித் டூஷனும் ஆட்டிசக் குழந்தைகள் நால்வரை வீடியோ எடுத்து, கேட்டதை அவர்கள் உடனுக்குடன் திருப்பிச் சொன்னதையெல்லாம் சூழலோடு சேர்த்து ஆராய்ந்து ஏழு வகையாகப் பிரித்தார்கள். கேட்பது, ‘ஆமாம்’ என்பது, பேச்சில் தன் முறையை எடுத்துக்கொள்வது, தன்னைத்தானே நிதானப்படுத்திக்கொள்வது என்று பெரும்பாலானவற்றுக்கு ஒரு காரியம் இருந்தது.

இதை ஒப்புக்கொண்டால் தெரபிஸ்ட்டின் வேலையே மாறிவிடுகிறது. “தண்ணி வேணுமா?” என்று வரும் பிள்ளையிடம், “அப்படிச் சொல்லக்கூடாது, ‘எனக்குத் தண்ணி வேணும்’னு சொல்லு” என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே, “எனக்குத் தண்ணி வேணும்” என்று அவன் வாயிலிருந்து வரவேண்டிய வாக்கியத்தை நாமே சொன்னால் போதும். திரும்பச் சொல்ல வைக்கவேண்டாம். நரம்பியல் பன்மையை, அதாவது மூளைகள் பலவிதம் என்பதை, ஏற்கும் (‘அஃபர்மிங்’) ஸ்பீச் தெரபி என்று இப்போது சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான். மற்ற பிள்ளைகளைப் போலத் தோன்றவைப்பது அதன் இலக்கு இல்லை. மனதில் இருப்பதைச் சொல்ல வழி செய்துகொடுப்பதே இலக்கு.

பிஸ்கட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பிஸ்கட்னு சொல்லு, தரேன்” என்பது இன்றும் பல சென்டர்களில் நடக்கிறது. வீட்டிலும்தான். “என் கண்ணைப் பார்த்துப் பேசு” என்பது இன்னொன்று. கண்ணைப் பார்த்தால் காது கேட்பதே சிரமமாகிவிடுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பிறகும் எதற்கு இந்தப் பிடிவாதம்?

“குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார், பொறுத்துப் பாருங்கள்” என்று ஆறுதல் சொல்லவும், நாக்கில் வசம்பு உரசிவைக்கவும் நம் குடும்பங்களில் ஆளுக்குக் குறைவில்லை. பேசக் காத்திருக்கும் அந்த வருடங்களில் வயிற்றுவலி என்பதைப் பிள்ளை எப்படிச் சொல்வான்? படங்களைத் தொட்டால் குரல் கொடுக்கும் கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ‘ஆவாஸ்’ சென்னையில் பிறந்தது. அஜித் நாராயணனின் நிறுவனம் உருவாக்கியது. தமிழிலும் பயன்படுத்தலாம். அட்டையில் படம் ஒட்டிக்கூடத் தொடங்கலாம்.

படத்தைக் காட்டிப் பழகினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. மில்லர், லைட், ஷ்லாசர் ஆகிய மூவர் 2006-ல் இதுபற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது, அதுவும் பலருக்குக் கொஞ்சமாகத்தான். கருவி கொடுத்தால் பேச்சு கொட்டும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம்.

அந்தப் படங்களில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பது முக்கியம். ஆப்பிள், பந்து, நாய், ‘ப்ளீஸ்’, ‘தேங்க்யூ’ என்று பலகை நிறைந்திருக்கும். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வலிக்குது’, ‘என்னைத் தொடாதே’, ‘வீட்டுக்குப் போலாம்’ இருக்காது. சொன்னதைச் செய்யும் பிள்ளை எல்லாருக்கும் வசதிதான். ஆனால் மறுக்கத் தெரியாத பிள்ளையிடம் யாரும் எதுவும் செய்துவிட்டுப் போகலாம். ஆபத்து அங்கே இருக்கிறது.

இந்த வட்டாரத்திலும் சரக்கு விற்பவர்கள் புகுந்துவிட்டார்கள். பிள்ளை முழு வாக்கியங்களாகத் திருப்பிச் சொல்கிறான் என்றதும், படிப்படியான பயிற்சி என்று ஒரு பேக்கேஜை நீட்டுகிறார்கள். திருப்பிச் சொல்வதற்கு அர்த்தம் உண்டு என்பதற்கு ஆய்வு இருக்கிறது. அந்தப் படிநிலைப் பயிற்சி பலன் தரும் என்பதற்குப் போதிய ஆய்வு இன்னும் இல்லை. பெயர்ப்பலகையில் ‘அஃபர்மிங்’ என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு செஷன் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது தெரபிஸ்ட் விளையாட்டை மாற்றுகிறாரா, முகத்தைப் பிடித்துத் திருப்புகிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெற்றோரை உள்ளேயே விடமாட்டோம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.