ஒளித்துவைத்த பாவத்தை ஒண்டியாக வெல்ல முடியுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஜெபக்கூட்டங்களுக்குக் குறைவில்லை. உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், வீட்டுக்கூட்டம், எழுப்புதல் கூட்டம் என்று வாரத்தின் எந்த நாளிலும் ஏதோ ஒரு தெருவில் ஆராதனைச் சத்தம் கேட்கும். முடிவில் போதகர் அழைக்கும்போது முன்னால் போய்க் கண்ணீரோடு தங்களை ஒப்புக்கொடுப்பவர்களும் உண்டு. அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அதே மனிதர் அடுத்த ஆண்டு அதே பாவத்துக்காக மறுபடியும் முன்னால் வந்து அழ நேர்வது ஏன்? “இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள், உபவாசம் இருங்கள்” என்பதே அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. நல்ல ஆலோசனைதான். ஆனால் இவை எல்லாமே அவர் தனியாகச் செய்யவேண்டியவை. பாவம் அவரை வென்றதே அந்தத் தனிமையில்தான். ஜெயஜீவியத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நம் சபைகள், பாவத்தை இன்னொரு மனிதரிடம் பெயர் சொல்லி அறிக்கையிடும் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. நம் தோல்விக்கு முதல் காரணம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தச் சென்னைப் புறநகர்கள் உருவான விதத்தை நினைத்துப் பார்த்தால் இது புரியும். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் திருமுல்லைவாயில், பட்டாபிராம், அயப்பாக்கம் என்று பரவி, தங்கள் ஊர்ச் சபையின் சாயலில் இங்கும் சபைகளைக் கட்டின. பாட்டுப் புத்தகம் வந்தது, அசன விருந்து வந்தது. ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. ஷிப்டு வேலைக்காரருக்கு ஞாயிறு ஆராதனை ஒன்றுதான் மிச்சம். அது முடிந்ததும் ஆளுக்கொரு திசை. ஒரு சபையில் கேள்வி எழுந்தால் அடுத்த தெருவில் வேறு சபை இருக்கிறது. இதற்கிடையே பாவத்துக்கும் சாட்சி இல்லாமல் போய்விட்டது. சூதாடுகிறவன் முன்பு நாலு பேர் கண்ணில் பட்டாக வேண்டியிருந்தது. இப்போது கைப்பேசியில் போர்வைக்குள்ளிருந்தே சம்பளத்தைத் தொலைக்கலாம். இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு 2022-இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. அந்தச் சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர்களில் ஞாயிறுதோறும் திருவிருந்து எடுப்பவர்களும் இருந்திருப்பார்கள் என்பதைச் சபைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேதாகமம் இதில் தெளிவாக இருக்கிறது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறார் யாக்கோபு. அத்தனை சங்கீதங்களுக்குச் சொந்தக்காரனான தாவீதால் தன் பாவத்தைத் தானாகப் பார்க்க முடியவில்லை. நாத்தான் வந்து முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டியிருந்தது. சகேயு எல்லோரும் கேட்க எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றும், அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்றும் கணக்கோடு பேசினான். பொதுவாக “நான் பாவி” என்று சொல்வது சுலபம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சகேயுவின் அறிக்கையில் தொகை இருந்தது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. மிஷனரி ரேனியஸிடம் கற்று, மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு பழகிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த தமிழர். 1860-இல் அவருடைய கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலி நாட்டில் பரவியது. தங்கள் பாவங்களை நினைத்து மக்கள் கதறினார்கள், வாய்விட்டு அறிக்கையிட்டார்கள் என்பதே அந்நாளைய விவரங்களில் முன்னிற்கிறது. அந்த அனல் பின்னர் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே ஒரு பகுதியினர் தரிசனங்களைச் சோதித்தறியாமல் நம்பி, 1881-இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்தார்கள். ஆண்டு வந்தது, போனது. உணர்ச்சியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. எழுந்த அனலை நிதானிக்கும் சிறிய வட்டம் ஒன்று இல்லாவிட்டால், உண்மையான மனந்திரும்புதலும் வழிதவறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வட்டத்தை நன்றாக அமைத்துக் காட்டியவர் ஜான் வெஸ்லி. அது தொடங்கியதோ கடனால். 1742-இல் பிரிஸ்டல் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பேற்று வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடானது. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளின் உண்மை நிலையைப் பார்த்துவிட்டு வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை என்று தெரியவந்தபோது, காசு வசூலைவிட இந்த விசாரிப்பே முக்கியம் என்று அவர் கண்டுகொண்டார். அந்தக் குழுக்களே மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயின. ஆயிரக்கணக்கானோர் கேட்ட அவருடைய பிரசங்கங்களைத் தாங்கிப் பிடித்தவை, பன்னிரண்டு பேர் கூடிய அறைகள்.

இக்காலத்துச் சான்று வேண்டுமானால் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து கிளைத்தது அது. அதன் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. ஒன்பதாவது, தன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது. 2020-இல் வெளியான காக்ரேன் மருத்துவ மதிப்பாய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முற்றிலும் விட்டு நிலைத்திருப்பதில், மற்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளைவிட இந்த வழியில் ஆட்களைச் சேர்த்துவிடும் முறை மேலான பலன் தந்தது என்பது அதன் முடிவு. குடிநோயும் பாவமும் ஒன்றல்ல. நோயாளியைப் பாவி என்று தள்ளுவது தவறு. ஆனால் மனித மனம் எப்படி விடுபடுகிறது என்பதற்கு இது சாட்சி. தவறை வாய்விட்டுச் சொன்னவருக்கு, அடுத்த வாரம் விசாரிக்க ஒருவர் இருக்கிறார்.

மறுப்புகளும் உண்டு. பாவசங்கீர்த்தனம் கத்தோலிக்கருக்குரியது, நமக்கு இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்பார்கள் புராட்டஸ்டண்டு சபையினர் பலர். மன்னிக்கிறவர் தேவன் ஒருவரே, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1529-இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்திலேயே தனிப்பட்ட பாவ அறிக்கைக்கு இடம் இருக்கிறது. பிற்பாடுதான் நாம் அதை நழுவவிட்டோம். கிருபையால் கிடைப்பதை முயற்சியாக மாற்றுகிறீர்கள் என்பது இன்னொரு மறுப்பு. உண்மை நேர்மாறானது. கிருபையை நம்பாதவன்தான் தன் பாவத்தை மறைப்பான். மன்னிப்பு நிச்சயம் என்று அறிந்தவனுக்கே வாய் திறக்கத் துணிவு வரும்.

கனமான மறுப்பு மூன்றாவது. நம்பிச் சொன்னது மறுநாள் தெருவெல்லாம் பரவிவிடும், அல்லது அதை வைத்தே ஊழியக்காரர் ஒருவர் ஆளை அடக்கி வைப்பார். இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஊர்ச் சபைகளில் பெண்களே இதற்கு அதிகம் பலியானார்கள். அதனால்தான் மேலிருந்து கீழாக நடக்கும் விசாரணையை நான் சொல்லவில்லை. சமமானவர்கள், ஒரே பாலினத்தவர், இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவரும் சொல்வது, ஒவ்வொருவரும் கேட்பது: இந்த நிலையில் ஒருவர் கையில் மட்டும் அதிகாரம் சேராது. நாஜிக்களை எதிர்த்த ஃபிங்கன்வால்டே குருமடத்தில் மாணவர்களை ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடச் சொன்ன ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், அங்கே தலைவராயிருந்தும் தன் பாவங்களைத் தன் மாணவரான பெத்கேயிடம் அறிக்கையிட்டார். ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான குற்றம், வீட்டு வன்முறை போன்றவை ரகசியம் காக்கவேண்டிய அறிக்கைகள் அல்ல. அவை காவல்துறைக்குப் போகவேண்டியவை.

அறிக்கையிடப்படும் பாவங்களின் பட்டியலும் மாற வேண்டும். குடி, சினிமா, சிகரெட் என்று நிறுத்திக்கொள்கிறோம். மகளுக்கு வரன் பார்க்கையில் சாதி கேட்பதும், மகனுக்கு நகை கேட்பதும், தன் பட்டறையில் கூலியைக் குறைத்துக் கொடுப்பதும் எந்தச் சாட்சி நேரத்தில் பாவமாக எழும்பின? முன்னால் போய் அழும் கூட்டத்தில் இவற்றுக்காக அழுகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். ஆவிக்குரிய வளர்ச்சியை இவற்றை அறிக்கையிடுவதைக் கொண்டே அளக்கவேண்டும்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய ஊழியமும் வேண்டாம். அம்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட், திருநெல்வேலிப் பக்கத்துச் சிறிய ஜெபக்குழுக்களிலிருந்து பிறந்து, வடஇந்தியா வரை மிஷனரிகளை அனுப்பியது. சிறிய குழு கூடி ஜெபிக்கும் பழக்கம் நமக்கு அந்நியமல்ல. அந்தக் கூட்டங்களில் நம் சொந்த நிலையைப் பேசுவதுதான் இல்லை. ஆகவே சபைப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரத்து வீட்டுக்கூட்டத்தில் கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, மூன்று மூன்று பேராக உட்காரட்டும். போன வாரம் எங்கே விழுந்தேன், யாருக்கு என்ன திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் ஒவ்வொருவரும் பதில் சொல்லட்டும். முதல் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.