இணையவழிப் பாடப்பக்கங்களில் நூலகச் சந்தா வளங்கள்: முகவரியும் நுழைவழியும்

முன்னுரை

மூடுல் போன்ற கற்றல் மேலாண்மைத் தளங்களில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பாடப்பக்கம் அமைத்து, படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளை அலகுவாரியாக இணைத்துத் தரும் வழக்கம் மொழித்துறைகளிலும் பரவியுள்ளது. அவ்வாறு தரப்படும் இணைப்புகளுள் சில மாணவருக்குத் திறப்பதில்லை. கட்டணம் கேட்கும் பக்கமே வந்து நிற்கிறது. ஆசிரியர் துறையில் அமர்ந்து சோதிக்கும்போதோ அதே இணைப்பு தடையின்றித் திறக்கிறது. மாணவர் படிக்க முயலவில்லை என்று அவர் கருதிவிடவும் கூடும். இம்முரண் தோன்றும் காரணத்தையும் அதனை நீக்கும் வகையில் இணைப்பை அமைக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முகவரிப் பட்டையில் இருப்பது எது?

பதிப்பகத்தின் தளம் வாசகரை அவரது பெயரால் அறிவதில்லை. எந்த ஐபி எண்ணிலிருந்து வேண்டுகோள் வருகிறது என்பதையே அது பார்க்கிறது. பல்கலைக்கழக வளாகத்தின் எண்கள் சந்தா ஒப்பந்தத்தில் பதிவாகியிருப்பதால் வளாகத்தினுள் இருப்பவர் எவராயினும் அவருக்குக் கட்டுரை திறக்கிறது. விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கியிருப்பவரோ, ஊரிலிருந்து கைப்பேசி வழியாகப் படிப்பவரோ அந்த எண்களுக்குப் புறத்தே நிற்கிறார்.

மற்றொரு சிக்கலும் இதனுடன் சேர்கிறது. தரவுத்தளத்தில் தேடிக் கண்ட கட்டுரையின் முகவரியை உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து படியெடுத்து ஒட்டுவதே பலரது வழக்கம். பல தளங்களில் அம்முகவரி கட்டுரைக்கு உரியதன்று. அந்த அமர்வுக்கு உரியது. அமர்வு முடிந்ததும் அது பயனற்றுப் போகிறது. இதனைத் தவிர்க்கவே நிலையான இணைப்புகள் உள்ளன. 1995இல் தொடங்கப்பட்ட ஜேஸ்டோர் ஒவ்வொரு கட்டுரைக்கும் அத்தகைய இணைப்பை வழங்குகிறது. எப்ஸ்கோ தளத்தில் அது பெர்மாலிங்க் எனப்படுகிறது. இவற்றினும் பொதுவானது, 10 என்னும் எண்ணில் தொடங்கும் டிஓஐ குறியீடாகும். இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும், புதிய முகவரி பதிவு செய்யப்பட்டால் அக்குறியீடு வாசகரைச் சரியான இடத்திற்குக் கொண்டு சேர்க்கும்.

நுழைவழி

டிஓஐ கட்டுரை இருக்கும் இடத்தைக் காட்டுமேயன்றிக் கதவைத் திறக்காது. அதற்கு நூலகத்தின் ப்ராக்ஸி சேவையகம் தேவை. 1999இல் உருவாக்கப்பட்டு, 2008 முதல் ஓசிஎல்சி நிறுவனத்திடம் உள்ள ஈசிப்ராக்ஸி இவ்வகையில் நன்கு அறியப்பட்டதாகும். கட்டுரையின் நிலையான முகவரிக்கு முன்னால் நூலகம் தரும் முன்னொட்டைச் சேர்க்க வேண்டும். மாணவர் இணைப்பைச் சொடுக்கியதும் முதலில் நூலகச் சேவையகத்தை அடைகிறார். தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தருகிறார். பின்னர்ச் சேவையகமே பல்கலைக்கழக எண்ணிலிருந்து கட்டுரையைப் பெற்று அவருக்கு வழங்குகிறது. பதிப்பகத்தைப் பொறுத்தவரை அவர் வளாகத்தினுள் இருப்பவரே. டிஓஐ முகவரிக்கு முன்னொட்டைச் சேர்ப்பதாயின், டிஓஐ தளம் ப்ராக்ஸியின் அமைப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை நூலகரிடம் கேட்டறிதல் நன்று. சேர்க்கப்படாதிருப்பின் அவ்விணைப்பு ப்ராக்ஸி வழியாகச் செல்லாது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பில், பயனரைப் பல்கலைக்கழகமே அடையாளம் கண்டு பதிப்பகத்திற்கு உறுதி கூறுகிறது. ஆயின் பதிப்பகத் தளத்தில் நீண்ட நிறுவனப் பட்டியலிலிருந்து தம் நிறுவனத்தை மாணவர் தேடியெடுக்க வேண்டியுள்ளது. பலர் கைவிடும் இடம் இதுவே. நிறுவனத்தின் அடையாளத்தை முகவரியினுள்ளேயே கொண்ட இணைப்பைப் பதிப்பகம் ஏற்குமாயின் இப்படி விடுபடும்.

முகவரியும் நுழைவழியும் வேறு வேறு என்பதை நினைவிற்கொள்வது இப்போது கூடுதல் தேவையாகியுள்ளது. 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு வழங்குவதற்கெனத் திட்டமிடப்பட்டது. இத்தகைய மாற்றத்தில் ஒரே கட்டுரைக்கான நுழைவழி மாறக்கூடும். அதன் டிஓஐ மாறாது. பாடப்பக்கத்தில் டிஓஐயையும் நூல்விவரத்தையும் தனியே எழுதி வைத்திருக்கும் ஆசிரியர் முன்னொட்டை மட்டும் மாற்றினால் போதும்.

கோப்பைப் பதிவேற்றினால் என்ன?

இத்தனை இடர்ப்பாடு எதற்கு, பிடிஎஃப் கோப்பையே பதிவேற்றிவிடலாமே என்னும் வினா இயல்பானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு கற்பித்தலின் பொருட்டுப் படியெடுக்க இடமளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிப்படி வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் அப்பிரிவை விரிவாகவே பொருள்கொண்டது. எனினும் அவ்வழக்கு அச்சு நூல்களிலிருந்து எடுத்த ஒளிப்படிகளைப் பற்றியது. மின்னிதழ்கள் ஒப்பந்தத்தின்கீழ் வருபவை. அதன் நிபந்தனைகளை நூலகமே அறியும். இணைப்பைக்கூடத் தடுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. எப்ஸ்கோ வழியாக வரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ கட்டுரைகளுக்கான அறிவிப்பு, பாடத்திட்டத்திலிருந்து அவற்றுக்கு நிலையான இணைப்பு தருவதையே விலக்குகிறது.

சட்டத்தைவிட ஆசிரியரை நேரடியாகத் தொடுவது வேறொன்று. மின்னிதழ்களின் பயன்பாட்டைக் கவுண்ட்டர் என்னும் பொதுத் தரத்தின்படி பதிப்பகங்கள் கணக்கிட்டு நூலகத்திற்கு அளிக்கின்றன. சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது நூலகக் குழுவின்முன் வைக்கப்படும் சான்றுகளுள் அது முதன்மையானது. அறுபது மாணவர் இணைப்பின் வழியே படித்தால் அப்படிப்புகள் கணக்கில் ஏறும். ஆசிரியர் ஒருமுறை பதிவிறக்கிப் பாடப்பக்கத்தில் ஏற்றிய கோப்பை அதே அறுபது பேர் படித்தால், ஆசிரியரின் ஒரே பதிவிறக்கம் மட்டுமே கணக்கில் நிற்கும். பயன்படாத இதழ் என்று நிறுத்தப்படுவது அத்துறை ஆண்டுதோறும் கற்பித்துவரும் இதழாகவே இருக்கக்கூடும். குறைந்த வாசகரைக் கொண்ட மொழியியல், இந்தியவியல் இதழ்களுக்கு இந்த இடர் மிகுதி.

சோதனை

பாடப்பக்கத்தில் இணைப்பைச் சேர்க்கும்போது அது புதிய சாளரத்தில் திறக்குமாறு அமைப்பது நலம். பக்கத்தினுள்ளேயே பதித்துக் காட்டுவதைப் பல பதிப்பகத் தளங்கள் ஏற்பதில்லை. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற கட்டற்ற வளங்களுக்கு முன்னொட்டைச் சேர்க்கலாகாது. சேர்த்தால் எவருக்கும் திறந்திருக்கும் நூலுக்கும் கடவுச்சொல் கேட்கப்படும் நிலை உண்டாகும். எல்லா இணைப்புகளையும் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை சோதிக்க வேண்டும். அச்சோதனையைத் துறையின் கணினியில் செய்வதில் பயனில்லை. வளாக வைஃபையைத் துண்டித்து, கைப்பேசித் தரவில், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் சொடுக்கும்போதுதான் மாணவர் காணும் பக்கத்தை ஆசிரியரும் காண்கிறார்.