கோப்பைக் கறையும் ஆர்.ஓ. சவ்வும்

மாணவர்களே, தேநீர் குடித்த கோப்பையை இரண்டு நாள் கழுவாமல் வைத்துப் பாருங்கள். (அம்மா திட்டினால் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்!) உள்பக்கத்தில் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது லேசில் போகாது. சமையல் சோடாவைத் தூவித் தேய்த்தால் போய்விடும்.

அடுத்து, தண்ணீர் காய்ச்சும் கெட்டிலைப் பாருங்கள். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் ஓடுவது கருங்கல் மலையில் பெய்து இறங்கும் மழைநீர். அதில் சுண்ணாம்பு குறைவு. அந்த நீரைக் காய்ச்சும் கெட்டிலில் படிவு அதிகம் சேராது. ஆனால் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரைக் காய்ச்சினால், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தப் படிவிடம் சமையல் சோடா பலிக்காது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால்தான் நுரைத்துக் கரையும்.

இரண்டும் அழுக்குதான். ஆனால் ஒன்று காரத்துக்குப் பணிகிறது. மற்றது அமிலத்துக்குப் பணிகிறது. (ஆரம்பப் பள்ளியில் 'காடி' என்று படித்தீர்களே, அதுதான் அமிலம்.) எந்த அழுக்கு என்று தெரியாமல் கழுவ இறங்கினால் உழைப்பு வீண். கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையங்களிலும் இதே பாடம்தான். அங்கே கழுவப்படுவது கோப்பையல்ல, ஆர்.ஓ. சவ்வு.

சுருட்டிய பாய்

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பிவிடுகிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்குத் தோல் வழியாக நீர் தானாகவே போகிறது. இது சவ்வூடு பரவல். செறிவு கூடிய பக்கத்தில் பலமாக அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் வெளியேறும், உப்பு பின்தங்கிவிடும். இது எதிர் சவ்வூடு பரவல், சுருக்கமாக ஆர்.ஓ. கடல்நீருக்கு 55 முதல் 70 பார் வரை அழுத்தம் வேண்டும். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வை 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருவர் உருவாக்கினர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன். இன்று பெரும்பாலும் பயன்படுவது பாலிஅமைடு சவ்வு. உப்பைத் தடுக்கும் அதன் மேல்படலத்தின் தடிமன் சுமார் 0.2 மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர்!

பாயைச் சுருட்டுவதுபோல இந்தச் சவ்வைச் சுருட்டிக் குழாய்க்குள் செருகுவார்கள். 20 சென்டிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சுருளுக்குள் சுமார் 37 சதுர மீட்டர் சவ்வு இருக்கும். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அறையின் தரை அளவு அது. சவ்வின் மடிப்புகளுக்கு இடையே நீர் ஓடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே கையைவிட்டுத் தேய்க்க முடியுமா? முடியாது. வேதியியல்தான் அங்கே கையும் தேய்ப்பானும்.

அடைப்பது யார்?

சவ்வை அடைக்கும் அழுக்கு நான்கு வகை.

முதலாவது வண்டல். கேமரன் மலையில் கனமழை பெய்தபின் பெர்த்தாம் ஆற்றைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் ஓடும். அந்த நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய மண் துகள்கள். இரண்டாவது, கெட்டிலில் கண்ட சுண்ணாம்பு போன்ற உப்புப் படிவு. நல்ல நீர் சவ்வைக் கடந்து போகப் போக, மிஞ்சும் நீரில் உப்பின் செறிவு கூடி, கரைய முடியாமல் படிகமாகிவிடுகிறது. மூன்றாவது கரிமப் பொருள். அழுகிய இலை தழைகளிலிருந்து வரும் பழுப்புச் சாறு இந்த வகை. கோப்பைக் கறையின் உறவினர் என்று சொல்லலாம். நான்காவது நுண்ணுயிர்கள். இவை சவ்வில் ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான பசையைச் சுரந்து, அதற்குள் குடும்பம் நடத்தும். கழுவாத மீன்தொட்டிச் சுவரைத் தொட்டால் வழுக்குமே, அதே பசைதான்.

2003 முதல் சிங்கப்பூர், பயன்படுத்திய நீரை நியூவாட்டர் என்ற பெயரில் ஆர்.ஓ. வழியாகத் தூய்மைப்படுத்தி வருகிறது. அத்தகைய நீரில் கரிமப் பொருளும் நுண்ணுயிரும்தான் பெரிய தொல்லை. ஊருக்கு ஊர் நீர் வேறு. நீருக்கு நீர் அழுக்கு வேறு.

எப்போது கழுவுவது?

சவ்வைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் மருத்துவர் நாடி பிடிப்பதுபோல மூன்று எண்களைக் கவனிப்பார்கள். வெளிவரும் நல்ல நீரின் அளவு 10 விழுக்காடு குறைந்ததா? சவ்வைத் தாண்டிவரும் உப்பு 5 முதல் 10 விழுக்காடு கூடியதா? நீர் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு 15 விழுக்காடு ஏறியதா? இவற்றில் ஒன்று நடந்தாலும் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் அழுக்கு இறுகிவிடும். பிறகு கழுவும் கரைசல் உள்ளே நுழையவே வழி இருக்காது.

இங்கே ஒரு தந்திரக் கேள்வி. கோலாலம்பூரில் நன்றாக ஓடிய ஆர்.ஓ. கருவியைத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனால் நீர் குறைவாக வருகிறது. சவ்வு அடைத்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். குளிர்ந்த நீருக்குப் பாகுத்தன்மை அதிகம். சவ்வின் வழியே மெதுவாகத்தான் போகும். நீரின் வெப்பம் 25 பாகையிலிருந்து 18 பாகைக்கு இறங்கினால் வரும் நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சவ்வில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் பொறியாளர்கள் எல்லா அளவீடுகளையும் 25 பாகைக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகே ஒப்பிடுவார்கள். நியாயமான சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்க வேண்டும் என்று வகுப்பில் படிக்கிறோமே, அது இங்கே காசு மிச்சப்படுத்துகிறது.

எப்படிக் கழுவுவது?

முதலில் காரம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை பி.எச். 12 அளவில், 30 பாகைக்குச் சற்று மேல் சூடாக்கி, சுருளின் வழியே சுற்றவிடுவார்கள். சிறிது நேரம் சுற்றும், பிறகு ஊறும், மறுபடி சுற்றும். துணியை ஊறவைத்துத் துவைக்கும் அதே முறை. கரிமப் பொருளும் நுண்ணுயிர்ப் பசையும் இதில் கழன்றுவிடும். சுத்தமான நீரில் அலசிய பின் அமிலம். இதற்குப் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சையில் உள்ள அதே அமிலம். சுண்ணாம்பும் இரும்புத் துருவும் இதில் கரையும்.

ஏன் இந்த வரிசை? அமிலம் முதலில் போனால், சில கரிம அழுக்குகள் கரைவதற்குப் பதிலாக இறுகிவிடும். படிந்திருப்பது சுண்ணாம்பு மட்டுமே என்று உறுதியாகத் தெரிந்தால் அமிலத்தில் தொடங்கலாம். அழுத்தமும் குறைவாகவே இருக்க வேண்டும். அதிகம் கொடுத்தால் கழன்ற அழுக்கு மீண்டும் சவ்வில் போய் அப்பிக்கொள்ளும்.

சரி, கிருமியைக் கொல்லக் குளோரின் ஊற்றினால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. ஊற்றினால் நடப்பதைக் கேளுங்கள். நீர் முன்பைவிட வேகமாக வரும்! கழுவியவர் மகிழ்ந்துபோவார். ஆனால் உப்பை அளந்தால் உண்மை தெரியும். குளோரின் பாலிஅமைடுப் படலத்தையே அரித்துவிட்டது. நீரோடு உப்பும் சேர்ந்து வருகிறது. கறையைப் போக்குவதாக நினைத்துக் கோப்பையிலேயே ஓட்டை போட்ட கதை. இதற்கு மருந்து கிடையாது. புதுச் சவ்வுதான் வாங்க வேண்டும். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் இந்த இரசாயனங்களை நீங்கள் முயல வேண்டாம். முன்வடிகட்டியைக் காலத்தில் மாற்றினாலே சவ்வு நெடுநாள் உழைக்கும்.

மலையிலேயே தொடங்கும் கழுவல்

கடைசியாக ஒன்று. உப்பை நீக்க ஆர்.ஓ. தேவைப்படும் ஊரல்ல கேமரன் மலை. அங்கே நீருக்கு எதிரி மண். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்துகொண்டே வருகிறது. அதைத் தோண்டி அள்ளுவது ஓயாத வேலை. தேயிலைச் செடிகள் நெருங்கி வளர்ந்து நிலத்தைப் போர்த்தி நிற்கும் சரிவில் மழைத்துளி நேரே மண்ணில் விழாது. மரங்களை வெட்டித் திறந்துவிட்ட சரிவில் ஒவ்வொரு மழையும் மண்ணை வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போகும்.

ஆர்.ஓ. நிலையத்தில் பணியாற்றுபவர்களும் இதையே சொல்வார்கள்: அழுக்கைக் கழுவுவதைவிட அதை உள்ளே விடாமல் இருப்பது மலிவு. அவர்கள் மணல் வடிகட்டி வைக்கிறார்கள். மலைக்கு அந்த வேலையை வேரும் இலையும் செய்கின்றன.

செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போடுங்கள். ஒன்றில் வினிகரும் மற்றொன்றில் சமையல் சோடாக் கரைசலும் ஊற்றுங்கள். எதில் குமிழி வருகிறது? லிட்மஸ் தாள் இருந்தால் இரண்டையும் சோதியுங்கள். முட்டை ஓடும் கெட்டில் படிவும் பெரும்பாலும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். இனி கெட்டிலில் வெள்ளைப் படிவைக் கண்டால் எதைக் கையில் எடுப்பீர்கள்? விடையை அம்மாவுக்குச் செய்துகாட்டுங்கள். அந்தப் பழுப்புக் கோப்பையையும் அப்படியே கழுவி வைத்துவிடுங்கள்!