கையெழுத்திடாதவர் பெயரில் ஒரு தந்தி

1971 ஏப்ரல் 6. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போனது. சொந்த அரசையே கண்டித்த அது ‘பிளட் தந்தி’ என்று பெயர் பெற்றது. விசித்திரம், கையெழுத்திட்டோர் பட்டியலில் ஆர்ச்சர் பிளட் இல்லை.

1923-ல் சிகாகோவில் பிறந்த பிளட், போர்க்காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டு 1947-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். 1970-ல் டாக்காவின் துணைத் தூதரகத் தலைவர். அந்த டிசம்பரில் வங்காளிகளின் தலைவர் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கட்சி பாகிஸ்தான் முழுவதற்குமான தேர்தலில் தனிப்பெரும்பான்மை பெற்றது. ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. மார்ச் 25 இரவு டாக்கா மீது படையை ஏவினார். பிளட் வீட்டில் அன்று விருந்து. வந்தவர்கள் வீடு திரும்ப முடியாமல், மாடியிலிருந்து நகரம் எரிவதைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், இது தேர்ந்தெடுத்து நடத்தப்படும் இனப்படுகொலை என்று பிளட் தந்தியடித்தார்.

வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. சீனாவுடன் ரகசியமாகப் பேச அதிபர் நிக்சனுக்கும் அவரது பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சருக்கும் யாஹியா தேவைப்பட்டார். டாக்காவில் இருந்தவர்களுக்கு இது தெரியாது.

பொறுமையிழந்த ஊழியர்கள் இருபது பேர், அரசு அறநெறியில் திவாலாகிவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். வியட்நாம் போர்க்காலக் கசப்பையொட்டி வெளியுறவுத் துறையே அப்போதுதான் இப்படி மாற்றுக் கருத்து சொல்ல வழி திறந்திருந்தது. பிளட் அதை அனுப்ப அனுமதித்தார். தானும் உடன்படுவதாகவும், அலுவலகத் தலைவராக இருக்கும்வரை கையெழுத்திடுவது முறையாகாது என்றும் குறிப்பு சேர்த்தார். எதிர்ப்பிலும் விதி பார்த்த மனிதர்! அந்தக் குறிப்பில் கணக்கும் இருந்தது: கடைசியில் வங்காளிகளே வென்று தனிநாடு அமைப்பார்கள், தோற்கப்போகிறவர் பக்கம் நிற்பது மடத்தனம். அறச்சீற்றத்தைவிட இந்தக் கணிப்பைத்தான் வாஷிங்டன் முக்கியமாகப் படித்திருக்க வேண்டும்.

பணிக்காலம் முடியும் முன்பே அவரை டாக்காவிலிருந்து எடுத்தார்கள். வாஷிங்டனில் பணியாளர் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஜூலையில் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக பெய்ஜிங் போய்வந்தார். டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது. 1972 ஏப்ரலில் அமெரிக்காவும் அதை அங்கீகரித்தது. துணிந்து கருத்து சொன்னதற்காக வெளியுறவுப் பணியாளர் சங்கம் பிளட்டுக்கு ஹெர்ட்டர் விருது கொடுத்தது. பின்னாளில் டெல்லித் தூதரகத்தில் இரண்டாம் இடம் வரை வந்தார். 2004-ல் இறந்த அவர் பெயரை மறு ஆண்டே டாக்காவின் அமெரிக்க மைய நூலகத்துக்கு வைத்தார்கள். தூதர் பதவி மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.