கடன் எனப்பட்ட ஊதியம்

பிரித்தானியாவில் ஒப்பந்த அடிப்படையிற் பணிபுரிந்தோர் பலர், தம் ஊதியத்தின் பெரும்பகுதியை நம்பிக்கைப் பொறுப்பொன்றின் வாயிலாகக் கடனென்னும் பெயரிற் பெற்றனர். கடன் வருமானமன்று; ஆகவே வரியுமில்லை என்பது அத்திட்டத்தை விற்றோர் கூற்று. திருப்பிக் கேட்கப்படாத கடன் எவ்வகைக் கடனோ! றேஞ்சர்ஸ் உதைபந்தாட்டக் கழக வழக்கில், உழைப்புக்கீடாக மூன்றாமவரிடம் செலுத்தப்பட்ட பணமும் ஊதியமே என 2017இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், 1999 முதலான கடன்கள் 2019 ஏப்பிரில் 5இல் தீராதிருப்பின், அவையனைத்தும் ஓராண்டு வருமானமாகும் என்றது. பல்லாண்டுத் தொகை ஓராண்டிற் குவியவே வரிவீதமும் உயர்ந்தது. மோர்ஸ் என்பாரின் மீளாய்வின் பின், 2010 டிசெம்பர் 9க்கு முற்பட்ட கடன்கள் விலக்கப்பட்டன. எஞ்சியதை மூவாண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டவும் இடமளிக்கப்பட்டது. வேலைகொள்வோன் மறைந்தவிடத்துப் பொறுப்புத் தொழிலாளியையே சார்ந்தது. வரி செலுத்தியும் கடன் ஒழியவில்லை. சிலரிடம் அதனைத் திருப்பிக் கேட்டுக் கடிதங்களும் வந்தன.