என்ன சார், தூக்கமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் எங்கள் ஆபீஸில் கிடையாது. எட்டு மணி நேரம் சுகமாகத் தூங்கி, குளித்து, ஃபில்டர் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அட்டெண்டர் முதல் ஜி.எம். வரை இதே விசாரிப்புதான்!

காரணம், என் கண் ரப்பை. அப்பா வழிச் சொத்து. வீடு, நிலம் எதுவும் எழுதி வைக்காத மனுஷர், இதை மட்டும் ஒரே பிள்ளைக்குக் குறையில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பதைத் தாண்டியதும் மேல் இமைத் தோல் மடிந்து, இமை முடி மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

சிரித்துச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். பிரமோஷன் இன்டர்வியூவில் ஒரு மேலதிகாரி என் முகத்தைப் பார்த்து, "உற்சாகம் பத்தாது போலிருக்கே..." என்றார். பிரமோஷன் வேறொருவருக்குப் போயிற்று. அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, விரலால் ரப்பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பத்து வயசு குறைந்த ஒருத்தன் தெரிந்தான்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றேன் மனைவியிடம்.

"ஏன், புதுசா யாரையாவது பார்க்கணுமா?" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

இமை ஆபரேஷனில் தேர்ந்த கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். முதல் கேள்வியிலேயே மடக்கினார்.

"எதுக்காகப் பண்ணிக்கறீங்க?"

"பிரமோஷனுக்காக, டாக்டர்."

"இமையைத்தான் தூக்க முடியும். சம்பளத்தைத் தூக்கறது என் டிபார்ட்மென்ட் இல்லை!"

பிறகு சோதனைகள். தொங்குவது தோலா, அல்லது இமையைத் தூக்கும் தசையே பலவீனமா? தசை என்றால் ஆபரேஷனே வேறு. சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குகிறது, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால், தசையைப் பாதிக்கும் வேறு நோயா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். சர்க்கரை, பி.பி., தைராய்டு எல்லாம் ஆயிற்று. கடைசியாகக் கீழ் இமை ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை மாட்டி, ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு கண்ணீர் ஊறுகிறது என்று அளந்தார். கண் வறட்சி உள்ளவர்களுக்கு இந்த ஆபரேஷன் உபத்திரவம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைக்கும் நம் போன்ற ஆசாமிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது.

தோல் தொங்கிப் பார்வையை மறைத்தால் அது வைத்தியக் கணக்கு. என் கேஸ் அழகுக் கணக்கு. அழகுக்கு இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. புது பைக்குக்குச் சேர்த்த பணம் ரப்பைக்குப் போயிற்று.

"ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை... ரத்தப்போக்கை அதிகப்படுத்தறது எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க. இதயத்துக்காகச் சாப்பிடறதை மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது. சிகரெட்டுக்கு முழுக்கு!" என்றார் டாக்டர்.

வைத்தியம் ஒன்றும் நேற்றுப் பிறந்ததில்லை. 'பிளெஃபரோபிளாஸ்டி' என்ற பெயரை 1818-ல் ஜெர்மன் டாக்டர் ஃபான் கிரேஃபே வைத்தார். 1896-லேயே மிகாமோ என்ற ஜப்பானிய டாக்டர், மடிப்பில்லாத இமையில் மடிப்பு உண்டாக்கும் ஆபரேஷனை எழுதி வைத்திருக்கிறார்.

ஆபரேஷன் அன்று உட்கார வைத்து, இமையின் இயல்பான மடிப்பிலேயே பேனாவால் கோடு போட்டார்கள். தழும்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. மரத்துப் போகும் ஊசி குத்தும்போது சுருக்கென்றது. அப்புறம் வலியில்லை, இழுப்பது மட்டும் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

"இன்னும் கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்று படுத்தபடியே பேரம் பேசினேன்.

"நிறைய எடுத்தா கண்ணு மூடாது சார். குறைஞ்சா அப்புறம் எடுத்துக்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்கறது சுலபமில்லை!"

முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலைக்கு இரண்டு தலையணை. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய், தெருச்சண்டையில் தோற்றவன் மாதிரி இருந்தேன். "நான் அடிச்சேன்னு அக்கம்பக்கத்துல நினைக்கப் போறாங்க" என்று மனைவிக்குக் கவலை. கண்ணுக்கு மருந்து போட்டால் எல்லாம் மங்கல். தூங்கும்போது இமை முழுசாக மூடவில்லை என்றாள். ஆரம்பத்தில் அப்படி இருப்பது உண்டாம்.

இரண்டாம் நாள் ராத்திரி வலது கண் விண்விண்ணென்றது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "வலி தாங்க முடியலையா? கண்ணு வெளியே தள்ளுதா? பார்வை குறையுதா?" என்று கேட்டார் டியூட்டி டாக்டர். மூன்றும் இல்லை. "இருந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்காதீங்க, ஓடி வந்துடுங்க" என்றார். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் பார்வையே போகக்கூடும். வெகு அபூர்வம்தான். ஆனால் அந்த அபூர்வம் நாமாக இருந்தால்? பிரமோஷனுக்காக இதைப் பணயம் வைத்தேனா என்று விடியும் வரை விழித்துக்கிடந்தேன்.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். பத்தாம் நாள் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஆபீஸ். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். வீக்கம் முழுசாக வடிந்து நிஜமான உருவம் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. தழும்பு மங்க அதற்கு மேலும்.

ஊரிலிருந்து அம்மா வந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா... நீ நிமிர்ந்து பார்க்கறப்போ உங்கப்பா பார்க்கற மாதிரியே இருக்கும். அதைக் காணோம்."

கையெழுத்து வாங்கிய படிவத்தில் ரத்தக்கசிவு, வறட்சி, தழும்பு எல்லாம் வரிசையாக இருந்தன. இது இல்லை. நீங்கள் போவதாக இருந்தால், இதையும் ஒருமுறை யோசித்துவிட்டுப் போங்கள்.

பிரமோஷனா? இன்னும் வரவில்லை. "தூக்கமா?" என்று இப்போது யாரும் கேட்பதில்லை, அதில் சந்தோஷம்தான். ஒரே கஷ்டம்... மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் மீட்டிங்கில் முன்பெல்லாம் நிஜமாகவே தூங்கினாலும், "அவர் கண்ணே அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். இப்போது அந்தச் சலுகை போயே போய்விட்டது!