காலுக்குள் உறையும் ரத்தம்

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மத்தியான நேரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கடைக்குக் கணக்கு முடியும்வரை மடக்கிய கால் மடக்கியபடிதான். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் கீழிறங்கிய ரத்தம் மேலேறும். நெடுநேரம் அசையாத காலோடு பிரசவம், பெரிய ஆபரேஷன், புற்றுநோய், கருத்தடை மாத்திரை என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் ஆழ்சிரைக்குள் ரத்தம் உறையலாம். ஆம்னி பஸ்ஸில் விடியவிடியச் சென்னை போகிறவரும் விலக்கல்ல.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நம்மூரில் முதலில் தைலம்தான் வரும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். உறைந்த ரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

பெரும்பாலோருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே போதும், குறைந்தது 3 மாதம். கட்டி இடுப்புச் சிரைவரை ஏறிவிட்டால் சிக்கல் அதிகம். சிரை வால்வுகள் கெட்டு, வருஷக்கணக்கில் வீக்கம், கணுக்காலில் ஆறாத புண் என்று இழுக்கும். சிரைக்குள் குழாய் விட்டுக் கட்டியைக் கரைக்கும் சிகிச்சை இவர்களில் சிலருக்குத்தான்.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே சிரைக்குள் மெல்லிய கம்பி, அதைப் பிடித்துக்கொண்டு பொடித்துளைகள் உள்ள குழாய். கட்டிக்குள்ளேயே கரைப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும், சிலருக்கு ஒரு நாள் முழுக்க. உறிஞ்சி எடுக்கும் கருவிகளும் இப்போது உண்டு. இடது காலில் கட்டி வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கலாம்: வலது கால் தமனி இடது இடுப்புச் சிரையின் மேலேறித்தான் போகிறது. 1957-ல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களைப் பார்த்ததில் 22 சதவீதத்தில் அந்தச் சிரைக்குள் அழுத்தத்தின் தடம் இருந்தது. நசுங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

குழாய் சிகிச்சைக்கான விளம்பரப் பலகையை அப்படியே நம்பவும் வேண்டாம். 2017-ல் வெளிவந்த ‘அட்ராக்ட்’ என்ற அமெரிக்க ஆய்வில் 692 பேர். உறைதல் தடுப்பு மருந்து மட்டும் பெற்றவர்கள், அதோடு குழாய் சிகிச்சையும் பெற்றவர்கள் என இரு தரப்பிலும் நாட்பட்ட கால் பாதிப்பு ஏறக்குறைய சமம். குழாய் சிகிச்சை பெற்றவர்களுக்கு ரத்தக்கசிவு கூடுதல். மிதமான, கடுமையான பாதிப்புகள் மட்டும் 24 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதமாக இருந்தன. சேர்க்கப்பட்ட எல்லோரும் அறிகுறி தொடங்கி 14 நாளுக்குள் வந்தவர்கள். பழைய கட்டி கெட்டிப்பட்டுவிடும், மருந்துக்குச் சுலபமாகக் கரையாது.

கால் இப்படி வீங்கினால் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குப் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டி எதுவரை ஏறியிருக்கிறது? கரைப்பு மருந்து கொடுத்தால் எனக்கு ரத்தம் கசியும் ஆபத்து எவ்வளவு?